அரிதட்டு மாஸ்ரரின் மூன்றாம் கேள்வி

பிள்ளைகளே, யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க அரிதட்டில் மாவைத்தான் அரித்தது. கடதாசியை அரித்த ஒரே மனிதர் எங்கள் அரிதட்டு மாஸ்ரர்.

பல்கலைக்கழகத்தில் கணினி படிப்பித்தவர். என்னுடைய போட்டோக்கொப்பிக் கடைக்குத் தினமும் வருவார். மென்பொருள் செய்யுமுன் அதை முதலில் படமாகக் கீறுவார்களாம். பலர் கீறினால் எல்லாவற்றையும் ஒரே படமாக இணைக்க வேண்டுமாம். எனக்கு இது விளங்கியதே, எங்கள் வீட்டுக்கு உங்கள் அம்மா ஒரு படமும் நான் ஒரு படமும் கீறி மேசனிடம் கொடுத்த அன்றுதான். இரண்டையும் சேர்த்தால், அம்மா சமைக்கும் குசினிக்குள் என்னுடைய கிணறு இருந்தது.

இப்படி இணைப்பது பற்றி உலகமெல்லாம் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை வாசித்து, எது தேறும் என்று எழுதுவதுதான் மாஸ்ரரின் வேலை. திரையில் வாசித்தால் கண் ஏமாற்றும் என்று அத்தனையையும் என்னிடம் அச்சடித்தார். மெஷின் இரண்டு தரம் படுத்துவிட்டது.

அவருடைய அரிதட்டு மூன்று கேள்விகள். எப்படி இணைப்பது என்று சொல்லியிருக்கிறதா? படங்கள் முரண்பட்டால் என்ன வழி? உண்மையான வேலையில் செய்து பார்த்ததா? ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் குப்பைக் கூடைதான்.

தன் தங்கச்சி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் மனிதர் விடவில்லை.

"பெடியன் நல்லவன்தான். ஆனால் செய்து பாத்ததுக்குச் சான்று இல்லை."

"அண்ணை, அப்ப ஏற்கெனவே கலியாணம் கட்டினவனையோ தேடச் சொல்லுறியள்?" என்றாள் தங்கச்சி.

"நான் விதியைச் சொன்னனான்."

கலியாண அழைப்புக் காட் அவருக்குத்தான் கடைசியாக வந்தது.

கட்டுரைகளை அவரோடு ஓர் இளம் விரிவுரையாளர் மிஸ்ஸும் தனியாக வாசித்தார். முடிவுகளை என் கடை மர வாங்கில் அமர்ந்து ஒப்பிட்டார்கள். ஒன்றில் மட்டும் ஒத்துவரவில்லை. மாஸ்ரர் இளவயதில் எழுதிய கட்டுரை அது. இணைப்புப் பற்றி அவர் சொந்தமாக எழுதியது அது ஒன்றுதான். அரிதட்டில் நின்றால் பின்னால் வருபவர்கள் தேடி வாசிப்பார்கள். விழுந்தால் அதோடு சரி.

"வைச்சிருப்பம் சேர். நல்ல யோசனை," என்றார் மிஸ்.

"வேண்டாம் பிள்ளை."

இருவர் முரண்பட்டால் மூன்றாம் ஆள் சொல்ல வேண்டும் என்பது விதி. மாஸ்ரர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, மூண்டாம் கேள்வியை நீர் கேளும். அதுக்கு இங்கிலிஷ் தேவையில்லை."

கட்டுரைகளைத் தைத்துக்கொண்டிருந்த ஸ்டேப்ளரோடு அகப்பட்டுவிட்டேன். வேறு வழியில்லை.

"செய்து பாத்தனீங்களோ மாஸ்ரர்?"

கட்டுரையைக் கையில் எடுத்தார். "இல்லைத் தம்பி. செய்து பாக்கேல்லை."

தன் கையாலேயே கூடையில் போட்டார். பிறகு, "இண்டைக்குத் தேத்தண்ணிக் காசு என்ரை," என்றார்.

அலுமாரியில் உங்கள் பிறப்புப் பத்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு நீல மட்டைப் புத்தகம் இருக்கிறது அல்லவா? அவர்கள் போனபின் அந்தக் கட்டுரையைக் கூடையிலிருந்து எடுத்து நான் மட்டை போட்டுக் கட்டியது. எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. கை கழுவிவிட்டுத் தொடுங்கள்.