தெளிவு பிறந்த பிறகு ஊசி

நம்மிடையே ஓர் இனம் உண்டு. எதையும் முழுக்கப் புரிந்துகொண்ட பிறகுதான் செய்வேன் என்கிற இனம். கொசுவலை வாங்குவதற்கு முன் கொசுவின் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட விரும்புகிறவர்கள். பேருந்தில் காலியாக இருக்கும் இடத்தில் உட்காராமல், இடம் பிடிப்பது அறமா என்று நின்றுகொண்டே ஆராய்ந்து ஊர்போய்ச் சேர்கிறவர்கள். கெட்டவர்கள் அல்லர். யாருக்கும் தீங்கு செய்ய மாட்டார்கள். செய்வதற்குத்தான் இன்னும் தெளிவு பிறக்கவில்லையே!

நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் பள்ளிபாளையத்துக்கு வாருங்கள். காகித ஆலையில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற அர்த்தநாரி, மாடி அறையில் தத்துவ நூல்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். ராகு காலம் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். அவர் பார்ப்பது தெளிவு காலம். வித்தியாசம் என்ன? ராகு காலம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அவர் மடியில் படுத்து வளர்ந்தது ராசு என்கிற கடுவன் பூனை. கொஞ்ச நாளாக அது ஓயாமல் தண்ணீர் குடித்தது. நன்றாகத் தின்றும் இளைத்தது. பின்னங்கால்கள் தொய்ந்து, குதிகால் தரையில் பட நடந்தது.

"பாரு கோகிலா, என்ன நிதானம்! வயசாக வயசாக நடையே தியானமாயிருது."

"தியானமும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. காலு இழுக்குது" என்ற மனைவி கோகிலவாணி, பூனையைக் காய்கறிக் கூடையில் வைத்து, கணவரையும் இழுத்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் பேருந்து ஏறினாள்.

கால்நடை மருத்துவர் தனப்பிரியா ரத்தம் பார்த்தார். சர்க்கரை நோய். காலையும் மாலையும், தீனி தின்றதும் இன்சுலின் போட வேண்டும். எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்து, இன்றைக்கே ஆரம்பியுங்கள், தள்ளிப்போட்டால் பிழைக்காது என்றார். கோகிலவாணிக்கு ஊசியைக் கண்டாலே கண் இருட்டும். ஆகவே பொறுப்பு அர்த்தநாரியிடம் வந்தது. மருந்து ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அர்த்தநாரி மாடியில் உட்கார்ந்தார்.

பூனையோ சம்மதம் சொல்ல முடியாத உயிர்; அதன் நன்மைக்கே ஆனாலும் அதன் உடம்பில் ஊசி ஏற்ற நமக்கு என்ன உரிமை? நீண்ட ஆயுள் நல்லது என்பது பூனையின் கருத்தா, நம்முடைய கருத்தா?

"ஏனுங்க, பொழுது சாஞ்சுருச்சுங்க."

"இரு. அவசரப்பட்டுச் செய்யற காரியமில்ல இது."

"அவசரம் உங்களுக்கில்லீங்க. பூனைக்கு."

"பூனைக்குக் காலம்ங்கிற கருத்தே கிடையாது கோகிலா."

"சர்க்கரை இருக்குதுங்களே!"

மறுநாளும் இப்படியே போயிற்று. அதற்கு அடுத்த நாள், ராசு தீனித் தட்டுக்கு வருகிற வழியில் பாதியில் படுத்து மூச்சு வாங்கியது. கோகிலவாணி தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி செல்லமுத்து நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவன். "பொழுதன்னிக்கும் தடுப்பூசி போடற கை மாமா இது. பூனையெல்லாம் ஒரு விசயமா?" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டவன், பண்ணைப் பழக்கத்தில் ராசுவின் பின்னங்கால் இரண்டையும் கொத்தாகப் பற்றித் தலைகீழாகத் தூக்கினான். கோழி தலைகீழானால் அடங்கிவிடும். பூனை அப்படியல்ல என்பதை அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை எழுதிக்கொடுத்துவிட்டு, ராசு கட்டிலுக்கடியில் புகுந்தது.

"என்ற கையப் பாருங்க மாமா!"

"சிந்திக்காத செயல் இப்படித்தான் முடியும் மாப்ளே." அர்த்தநாரியின் முகத்தில் அன்றைக்குத்தான் சற்று மலர்ச்சி.

"செரிங்க மாமா. சிந்திச்ச செயல் எங்கீங்க?"

மலர்ச்சி போய்விட்டது. அர்த்தநாரி கட்டிலுக்கடியில் குனிந்து கூப்பிட்டார். ராசு எழப் பார்த்தது. பின்னங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு அவரிடமே வந்து, அவர் கைமேல் தலையை வைத்தது. சம்மதம் குறித்து அவர் படித்திருந்த பக்கங்களில் இப்படி ஒன்று எங்குமே இல்லை.

மறுநாள் காலை, ராசு மீன் தின்று முடிக்கும் தருணத்தில் குத்தினார். அதாவது, கண்ணை மூடிக்கொண்டு குத்தினார். மடித்துப் பிடித்த தோலில் ஒரு பக்கம் நுழைந்த ஊசி மறுபக்கம் வெளியே வந்து ரோமத்தை நனைத்தது. இப்போது அர்த்தநாரி என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? மாடிக்குப் போய் யோசித்திருப்பார் என்றுதானே? இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவருக்கு அவசரம் வந்துவிட்டது.

"உள்ள போகல! இன்னொரு ஊசி எடு! சீக்கிரம்!"

கோகிலவாணி ஃபிரிட்ஜ் கதவை முதுகால் அடைத்து நின்றபடி மருத்துவரைப் போனில் பிடித்து, அவருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ஐயோ, மறுபடி குத்தீராதீங்க சார்! முதல் ஊசியில கொஞ்சம் உள்ள போயிருந்தாலும், ரெண்டும் சேர்ந்து சர்க்கரை தடால்னு எறங்கிரும். உசுருக்கே ஆபத்து. சாயங்காலம் வரைக்கும் சும்மா இருங்க."

சும்மா இருங்க! எத்தனை ஆண்டுப் பயிற்சி! சும்மா இருப்பதில் கரைகண்ட அந்த மனிதர், சும்மா இருந்தே ஆக வேண்டிய அந்த ஒரு பகலில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்து, கடிகாரத்தைத் திட்டி, தூங்குகிற பூனையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்து, படாத பாடு பட்டார்.

சாயங்காலம் கண்ணைத் திறந்துகொண்டு குத்தினார். ராசு தட்டை நக்குவதை நிறுத்தவே இல்லை. வலி, உரிமை, ஆயுள் என்று அவர் அடுக்கிவைத்த அத்தனையையும் அது ஒரு மீன்முள் அளவுக்குக்கூட மதிக்கவில்லை.

மாதங்கள் சில போயின. ராசு இப்போது ஜன்னல்வரை தாவுகிறது. அர்த்தநாரி, கண்ணில் படுகிறவர்களை எல்லாம் நிறுத்தி, எதையும் தள்ளிப்போடக் கூடாது என்று போதிக்கிறார்.

"அப்ப உங்க கண் ஆபரேசன்?" என்றாள் கோகிலவாணி.

"அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்குது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று. இன்றைக்கே செய்தாக வேண்டிய ஏதோ ஒரு காரியத்தை, இதைப் படித்துவிட்டுச் செய்யலாம் என்று பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தானே இதற்குள் நுழைந்தீர்கள்? இதோ, முடிந்துவிட்டது. எழுந்திருங்கள். ஐயா, பக்கத்தைப் புரட்டாதீர்கள்!