மீன்காரம்மாவின் புருவம்

புது கேமின் கவர் பட விஷயத்தில் ரூபீனாவைத் தலையிட விடுவதில்லை என்று நதீம் தீர்மானம் செய்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வரும் வழியில் செய்த தீர்மானம். லேசில் அசையாது என்று நம்பினான். அடையாறு சிக்னலைத் தாண்டி, மாடிப்படி ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அசையவில்லைதான். உள்ளேயிருந்து வஞ்சிரம் வறுக்கும் வாசனை வந்ததும் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

நதீம் வீடியோ கேம் செய்கிறவன். கம்பெனி வைத்து அல்ல. ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, ஹாலின் மூலையில் மேஜை போட்டு, தனியாக. அவனுடைய முதல் கேம் நன்றாக இருப்பதாக விளையாடியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். விளையாடத்தான் ஆளில்லை. ஆன்லைன் ஸ்டோரில் கேம்கள் ஆயிரக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். ஜனங்கள் பார்ப்பது தபால்தலை அளவுக்கு ஒரு கவர் படத்தை. அது கண்ணைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் விரல் அடுத்த கேமுக்குப் போய்விடும். நதீமின் முதல் கவரில் கறுப்பு மலை, கறுப்பு வானம், நடுவே கறுப்பு அங்கியில் ஒரு வீரன். ரூபீனா அதைப் பார்த்த அன்றே, "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டாள். அவன் காதில் வாங்கவில்லை.

இப்போது இரண்டாவது கேம். பெயர் 'மியாவ் மார்க்கெட்'. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஒரு பூனை. மீன்காரம்மா கொஞ்சம் அசரும் நேரம் பார்த்து அது மீனைத் திருட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கேம் வெளிவருமுன்பே, செவ்வாய்க்கிழமை ஸ்டோரில் அதன் விளம்பரப் பக்கம் திறக்கிறது. இதுவும் படுத்துவிட்டால் பழைய ஆபீஸுக்கே போய்விடுவதாக நதீம் ரூபீனாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பழைய மேனேஜரும் போனில், "எப்ப வேணா வாங்க நதீம், உங்க சீட் அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். பாசமாகத்தான் சொன்னார். அன்று நதீமுக்குச் சோறு இறங்கவில்லை.

தீர்மானத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவன் வெளியே சொல்லவில்லை. மீன்காரம்மாவின் முகம் ரூபீனாவின் முகம்.

ரூபீனா பல் டாக்டர். இடது புருவத்தை மட்டும் அவள் தூக்கினால், அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறக்கும். வீட்டில் நதீம் வாயை மூடிக்கொள்வான். கேமுக்கு ஒரு பயங்கரமான ஆள் தேவைப்பட்டபோது அவன் மானிட்டருக்கு மேலே எட்டிப் பார்த்தான். எதிரில் அந்தப் புருவம் நின்றுகொண்டிருந்தது. வரைந்துவிட்டான். இடுப்பில் கை, ஏறிய புருவம், மூக்குத்தி, ஒன்றையும் விடவில்லை. அந்தக் கையில் ஒரு மீன் கத்தியைக் கொடுத்தது மட்டும்தான் அவன் சொந்தக் கற்பனை.

பூனையை வரைந்தது அவன் மச்சினன் தௌஃபீக். ரூபீனாவின் தம்பி, திருவான்மியூரில் இருக்கிறான், கைதேர்ந்த ஓவியன். வாயில் மீனைக் கவ்விக்கொண்டு திரும்பிப் பார்க்கிற பூனை. அந்தத் திருட்டு முழியில் நதீம் சொக்கிப்போனான்.

"எங்கடா புடிச்ச இந்த முழியை?"

"அதுவா வந்துச்சு மச்சான்" என்றான் தௌஃபீக்.

வெள்ளிக்கிழமைக்கு வருவோம். நதீம் நேராகச் சமையலறைக்குப் போனான். ரூபீனா அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். ஒரு துண்டு வஞ்சிரம் தட்டிலிருந்து அவன் வாய்க்குப் போனது.

"கை கழுவினீங்களா?" அவள் திரும்பவே இல்லை.

"உப்பு பாத்தேன்."

"போன வாரமும் உப்புதான் பாத்தீங்க. சாப்பிட உக்காந்தப்ப தட்டுல எலுமிச்சம்பழம் மட்டும் இருந்துச்சு."

"ரூபி, ஒரு விஷயம். இந்தக் கவரை நானே முடிவு பண்ணிடறேன். யாரையும் கேக்கறதா இல்ல."

புருவம் ஏறவில்லை. சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். நதீம் சந்தேகப்படவில்லை.

"தாராளமா" என்றாள். "எனக்கென்ன தெரியும் அதைப் பத்தி."

மீன்காரம்மாவின் முகம் பெரிதாகத் தெரியக் கூடாது. அதுதான் அவன் கணக்கு. அதனால் மார்க்கெட் முழுவதையும் வரைந்தான். சங்கரா மீன், வவ்வால் மீன், இறால் கூடை, நண்டு, ஐஸ் பெட்டி, கூவம் பாலம், பாலத்தில் ஒரு பஸ், பஸ்ஸின் படியில் தொங்குகிற ஆட்கள். மீன்காரம்மா எறும்பளவு. பூனை அவள் காலடியில், எறும்பின் எறும்பு. தலைப்பை நெளிநெளியான எழுத்தில் ஒரு கொடுவா மீனின் முதுகில் எழுதி, தௌஃபீக்குக்கு அனுப்பினான். அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"மச்சான், கவர்னா ஒரு மூஞ்சி வேணும். மீன்காரம்மா மூஞ்சியைப் பாதிக்கு வைங்க. ஓரத்துல பூனை. பாத்த உடனே கதை புரியணும்."

"இதுல மார்க்கெட்தாண்டா ஹீரோ."

"மார்க்கெட்டுக்கு மூஞ்சி இருக்கா?"

"எல்லாத்தையும் காட்டினாத்தானே உள்ள என்னென்ன இருக்குன்னு தெரியும்?"

"கல்யாணப் பத்திரிகையில சொந்தக்காரங்க பேரைப் போடற மாதிரி போட்டிருக்கீங்க. ஒருத்தரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஒருத்தரும் படிக்கவும் மாட்டாங்க."

இதெல்லாம் ரூபீனா காதில் விழுந்தது. அவள் எதிர்ப்பேச்சு பேசவில்லை. ஒரு யோசனைதான் சொன்னாள். "நம்ம அப்பார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்புக்கு இதை டிபியா வைக்கட்டுமா? ஸ்டோர்லயும் இந்த சைஸ்லதானே தெரியும்? நான் வாயே திறக்கலை. ஜனங்க சொல்லட்டும்."

அவள்தான் குரூப்பின் அட்மின். நல்ல யோசனை என்று நதீமுக்கே பட்டது. பாராட்டுகள் குவிந்தால் தௌஃபீக்குக்கு அனுப்பலாம் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

முதலில் மேல்மாடி ஷண்முகப்ரியா எழுதினார்: "குப்பை வண்டி வராததைப் போட்டோ எடுத்துப் போட்டதுக்கு நன்றி. நானே போடணும்னு இருந்தேன்." முதல் மாடி சங்கரன், "எந்தக் கடை மிக்சர் இது?" என்று கேட்டார். சற்று நேரத்தில் காலிங் பெல் அடித்தது. வாட்ச்மேன் தங்கவேல், கையில் போனோடு.

"இன்னா சார், டிரெய்னேஜ் ரொம்பிக்கிச்சா? போட்டோ போட்டுகீறீங்களே. ஆளை இட்டாரட்டா?"

"அது டிரெய்னேஜ் இல்ல தங்கவேல். கீழ ஓரத்துல பாருங்க, பூனை."

தங்கவேல் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "அடப் பாவமே. உள்ள வுழுந்துட்ச்சா?"

நதீம் கதவைச் சாத்திவிட்டு சோபாவில் உட்கார்ந்தான். பழைய ஆபீஸ் சீட் கண் முன்னால் வந்து நின்றது. அதன் கைப்பிடியில் கிழிசல் இருந்தது கூட ஞாபகம் வந்தது. அவனுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ரூபீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு ரூபி."

"கேம் நல்லா இருக்குங்க. நான் விளையாடிப் பாத்தேன். அதைப் பாக்கறவங்களுக்கும் சொல்ற மாதிரி ஒரு கவர், அவ்வளவுதானே வேணும்."

அவனுக்கு மனசு லேசாகிவிட்டது. அவள் எப்போது விளையாடினாள், அதில் யாரைப் பார்த்தாள் என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ரூபீனா க்ளினிக்குக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தான். முகத்தைப் பெரிதாக வைப்பது, ஆனால் ஆளை மாற்றிவிடுவது. மூக்கைப் புடைக்க வைத்தான். மூக்குத்தியைக் கழற்றினான். தாடையில் ஒரு மச்சம் வைத்தான். புருவத்தையும் இறக்கிப் பார்த்தான். படமே செத்துவிட்டது, மீன்காரம்மா தானே கூப்பிட்டுப் பூனைக்கு மீன் கொடுப்பது போல் இருந்தது. வேறு வழியில்லாமல் புருவத்தை மறுபடி ஏற்றினான். பின்னால் பளீரென்று மஞ்சள். ஓரத்தில் மீனோடு பூனை. மேலே தடித்த எழுத்தில் தலைப்பு. போனில் சின்னதாக வைத்து, ஹாலின் மறுகோடியில் நின்று பார்த்தான். அங்கேயும் புருவம் அவனை மிரட்டியது. கண்ணை மூடிக்கொண்டு ஸ்டோரில் ஏற்றினான்.

செவ்வாய்க்கிழமை ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள், கேம் எப்போது வரும் என்று கேட்டார்கள். "அந்தப் புருவத்துக்குப் பயந்தே வாங்கிடுவேன்" என்று ஒருவர். "எங்க வீட்லயும் இப்படி ஒருத்தங்க இருக்காங்க" என்று ஊர் ஊராகப் பலர். மதியம் பழைய மேனேஜரே மெசேஜ் அனுப்பினார்: "சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துடறேன். நல்லா பண்ணுங்க." நதீம் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். சந்தோஷத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தான்.

சாயங்காலம் ரூபீனா வந்தாள். லாப்டாப்பைத் திறந்தாள். திரையில் ஒரு புருவம், வெளியே ஒரு புருவம். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன.

"யாருங்க இது?"

"சும்மா. கற்பனை."

"மூக்கு ஏன் வீங்கியிருக்கு?"

நதீம் லாப்டாப்பை மூடப் பார்த்தான், ரூபீனா விடவில்லை.

"நீங்க மானிட்டருக்கு மேல எட்டிப் பாக்கும்போதெல்லாம், வேலையை விட்டுட்டு இடுப்புல கை வச்சு, புருவத்தைத் தூக்கிட்டு நின்னேனே. எதுக்குன்னு நெனச்சீங்க? நெத்தியே வலி எடுத்துடுச்சு. கடைசியில என்னை எறும்பா போடறீங்க. தௌஃபீக்கை விட்டுச் சொல்லியும் கேக்கலை. அதான் டிபியா வச்சேன்."

"அப்ப உனக்குக் கோவம் இல்லையா?"

"இருக்கு. என் மூக்கைத் திருப்பிப் போடுங்க. மூக்குத்தியும்."

நதீமுக்கு உயிர் வந்தது. சிரித்துக்கொண்டே மூக்கைச் சரிசெய்தான், மூக்குத்தியை மாட்டினான். வாய் சும்மா இருக்கவில்லை. "உன் மூஞ்சி போனாலும் போகுது ரூபி, இந்தப் பூனையைப் பாரேன். என்ன ஒரு திருட்டு முழி. தௌஃபீக்குக்கு எங்கதான் கிடைச்சுதோ."

ரூபீனா தன் போனை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள். ஒரு பழைய போட்டோ. அவர்கள் வீட்டுச் சமையலறை. வாயில் வஞ்சிரத் துண்டோடு நதீம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் அனுப்பினேன்" என்றாள். "வால் மட்டும்தான் அவன் சொந்தக் கற்பனை."