நான் கண்டுபிடித்த விண்வெளி மூலக்கூறு

முட்டாளுக்குக்கூட என்றாவது தன்மேல் சந்தேகம் வரும். ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் எனக்கு அது வந்ததே இல்லை.

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம். நட்சத்திரங்களுக்கு இடையே நிலவும் குளிரில் பெரிய கரிம மூலக்கூறுகள் எப்படி உருவாகின்றன என்பது என் ஆய்வு. காற்றை உறிஞ்சி எடுத்த எஃகுப் பெட்டி. உள்ளே கடுங்குளிரில் ஒரு செம்புத் தகடு. அதில் மீத்தேனை உறையவிட்டு, புற ஊதா ஒளி பாய்ச்சி, மெல்லச் சூடாக்கினால், என்னென்ன பிறந்தன என்று கருவி கோடு போட்டுக் காட்டும். (விண்வெளிக்குப் போக வழியில்லாதவர்கள் பார்க்கும் வேலை.)

தகடு மாட்டிய அன்று டெக்னீஷியன் ஸ்டெல்லா கையுறையை நீட்டினார். இதே ஊர் மர்பி டவுன்காரர். அந்தப் பெட்டியின் ஒவ்வொரு திருகும் அவருக்கு அத்துப்படி.

"க்ளவுஸ் போட்டுக்கினு தொடுங்க சார்."

"ரெண்டு செகண்ட் வேலை ஸ்டெல்லா. எனக்குத் தெரியும்."

தலையை ஸ்டைலாகக் கோதிவிட்டு, அதே விரலால் தகட்டை அழுத்தினேன்.

மறுவாரம் திரையில் பெரிய பெரிய மூலக்கூறுகள், படிக்கட்டு மாதிரி வரிசையாக. உலகில் யாரும் காணாதவை என்று நானே தீர்ப்பெழுதி, பொம்மனஹள்ளி வீட்டுக்கு போன் போட்டேன். அம்மா தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். அப்பா தன் கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில், உயிர் தோன்றிய ரகசியமே மகன் கையில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். (கையில்தான் இருந்தது.)

ஆய்வுக் குழுவின் முன் முக்கால் மணி நேரம் முழங்கினேன். பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மீத்தேனே இல்லாம ஓட்டிப் பாத்தியாப்பா?"

"அவசியம் இல்ல சார்."

ஓட்டினோம். துளி மீத்தேன் இல்லை. கோடுகள் மட்டும் அத்தனையும் அப்படியே நின்றன.

ஸ்டெல்லா என் தலையையே பார்த்தார். "சார், இன்னா எண்ணெ வெக்கிறீங்க?"

தேங்காய் எண்ணெய். ஒரு சொட்டை வேறு கருவியில் வைத்தார்கள். அச்சு அசலாக அதே படிக்கட்டு.

பெட்டியைக் கழற்றி, துடைத்து, சூடேற்றிச் சுத்தம் செய்ய மூன்று வாரம் ஆனது. என்னால் இன்னும் இரண்டு பேரின் சோதனைகள் நின்றன. அவர்கள் என்னோடு டீ குடிப்பதையும் நிறுத்தினார்கள். நியாயம்தான். ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், அந்த ஸ்பேனர எடுங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான். "அப்ப கேசரி குடுத்தது எதுக்குடா?"

இன்று எனக்குப் பட்டம் இருக்கிறது, கட்டுரைகள் இருக்கின்றன. ஆனாலும் எங்கள் வீட்டில் தேங்காய் எண்ணெய்க்கு அன்று விழுந்த பெயர் இன்னும் போகவில்லை. நேற்று காலையில் அம்மா போனில் சொன்னது இது:

"கேலக்ஸி தீந்துபோச்சு. வரும்போது அரை லிட்டர் வாங்கிட்டு வா."