உபதேசியார் கையில் கொடுத்த பட்டியல்

இரண்டு பேரையும் ஏற்றி உட்காரவைத்த பிறகுதான் அது எருவண்டி என்று தெரிந்தது.

"உபதேசியாரே, நாறுது," என்றாள் முழங்கால் பிடித்துப்போன யாகப்பம்மாள்.

"கூத்தையாவோட வாடகை வண்டிதான். பேசாம இரு ஆத்தா," என்றார் இன்னாசி.

"கூத்தையா வண்டி அந்தா, வேப்பமரத்தடில நிக்கிது," என்றார் ஒற்றைக்கால் சந்தனம்.

கூத்தையா இறங்கி வந்தான். "எருவண்டிக்கும் என் வண்டிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கு நான் வண்டி ஓட்டுறதா?" மாட்டைத் திருப்பிக்கொண்டு போயே விட்டான்.

காரங்காட்டில் வயசானவர்களையும் நடக்கமுடியாதவர்களையும் தேவிபட்டினம் பள்ளிக்கூடத்து வைத்திய முகாமுக்குக் கொண்டுபோவது மாதாகோயில் உபதேசியார் இன்னாசியின் பொறுப்பு. பன்னிரண்டு மணிக்கு டாக்டர்கள் கிளம்பிவிடுவார்கள். போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தபோது முகாம் முடிந்திருந்தது. இந்தத் தடவையும் தவறினால் பொறுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும். பங்குச் சாமியார் கொடுத்த பட்டியல் நாலாக மடித்தபடியே சட்டைப்பையில் இருந்தது.

"கடல் வழியா போவோம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, யாரும் தொழிலுக்குப் போவதில்லை. இளவட்டம் சவேரியார் தன் வத்தைப் படகைக் கூலியில்லாமலே கொண்டுவந்தான். இன்னாசி முன்னால் நின்று வழி சொன்னார்.

"அந்தா வெள்ளையடிச்ச பள்ளிக்கூடம்! நேரா விடு!"

வத்தை சேற்றில் சொருகி நின்றது. பள்ளிக்கூடம் படபடவென்று பறந்துபோனது. அத்தனையும் கொக்கு.

"ஏலே, நீயாவது சொல்லக்கூடாதா?" என்று சந்தனம் கத்தினார்.

"ஞாயித்துக்கிழமை உபதேசியார் பேச்ச மீறுனா பாவமாச்சே!" என்றான் சவேரியார்.

சந்தனம் உட்கார்ந்தபடியே கம்பை ஊன்றித் தள்ளினார். அந்தத் தோளுக்கு இன்னொரு கால் தேவைப்படவில்லை. யாகப்பம்மாள் சேலையை வரிந்து கட்டி இடுப்பளவு சேற்றில் இறங்கி, முதுகைக் கொடுத்து நெம்பினாள்.

"முழங்கால் ஆத்தா?" என்றார் இன்னாசி.

"அது கெடக்கு. மணியப் பாரும்."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தார்கள். தூணைப் பார்த்து வணக்கம் வைத்த இன்னாசியை யாகப்பம்மாள் நர்ஸ் பக்கம் திருப்பிவிட்டாள்.

"நோயாளி ரெண்டு பேரு. பத்திரமா கொண்டாந்து சேத்துட்டேன்!" அவர் நெஞ்சை நிமிர்த்திப் பட்டியலை நீட்டினார்.

"பேரு வாசிங்க."

"எனக்கு மனப்பாடம்மா. நீங்களே பாருங்க."

நர்ஸ் தாளைப் பிரித்து உரக்க வாசித்தாள்:

"'கூட்டி வருகிறவர்கள்: சந்தனம், யாகப்பம்மாள். கண் டாக்டரிடம் காட்ட வேண்டியவர்: உபதேசியார் இன்னாசி. கூப்பிட்டால் வரமாட்டார் என்பதால் பொறுப்பைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.'"