மூன்றடுக்குக் கேரியரும் ஒரு ஆட்சேபணையும்

அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் அதிகாரத்தைக் கொடுக்கவே கூடாது. என் கையில் ஒரே ஒரு நாள் கொடுத்தார்கள்.

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் திட்டக்குடிப் பக்கம். முதலாளியின் ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம்; மழை பிடித்தால் சுற்றிலும் தண்ணீர் ஏறித் தீவாகிவிடும். இரண்டாயிரத்து ஆறு உள்ளாட்சித் தேர்தலில் அந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டதால், முதலாளி தன் மனைவியை நிறுத்தினார்; பட்டறையில் எல்லோருக்கும் அவர் 'அக்கா'. போஸ்டரில் ஆளுயரத்துக்குக் கும்பிட்டு நின்றவர் என்னவோ முதலாளிதான். அக்காவின் படம் மூலையில் ஒரு கறுப்புக் கட்டம். (அதில் இருப்பது பெண் என்பதையே நம்பித்தான் ஆக வேண்டும்.)

"போன தடவ நான் ரெண்டு ஓட்டுல தோத்தேன் தம்பி. வெளியூரு ஆளுங்கள கொண்டாந்து குத்திட்டானுங்க. தெரியாத மொகம் வந்தா வுட்றாத. இந்தத் தடவயும் போச்சுன்னா நீ பட்டறைப் பக்கமே வராத" என்று சொல்லி என்னைப் பூத் ஏஜெண்டாக உட்கார வைத்தார். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே முகம் அவருடையதுதான் என்பது இருவருக்குமே உறைக்கவில்லை.

பூத் இக்கரைப் பள்ளிக்கூடத்தில். காலையெல்லாம் வந்தவர்களை முறைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து பேசத் தைரியமில்லை. மத்தியானம் அக்கா வீட்டிலிருந்து கேரியர் வந்தது. வயிறு நிறைந்ததும் வீரம் வந்துவிட்டது.

ஓட்டுப்பதிவு முடியச் சில நிமிடங்களே இருந்தன. வெளியே மழை. முழங்கால்வரை சேலை நனைந்து, தலையில் துண்டோடு ஒரு அம்மா ஓடிவந்தார். அதிகாரி பெயர் கேட்டார். சொன்னார். எங்கள் வேட்பாளரின் பெயர்!

வேட்பாளர் பெயரிலேயே கள்ள ஓட்டா? துள்ளி எழுந்தேன். "சார், ஆட்சேபணை! இவங்க அவங்க இல்லீங்க. நான் அவங்க ஆளு, எனக்குத் தெரியாதா?"

எதிர்த்தரப்பு ஏஜெண்ட் முதலாளியின் ஊர்க்காரர். "தம்பி சொல்றதுல ஞாயம் இருக்குதுங்க. நல்லா விசாரிங்க" என்றார். (எதிராளியே ஒத்துக்கொள்கிறானே என்று எனக்குப் பெருமை வேறு.)

"அடையாள அட்டை இருக்காம்மா?" என்றார் அதிகாரி.

"வூட்லயே இருக்குதுங்க. திரும்பிப் போயிட்டு வர்றதுக்குள்ள தண்ணி ஏறிடும்."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"தம்பி, மேல் அடுக்குல அவரைக்கா பொரியல், நடுவுல கருவாட்டுக் கொழம்பு. உப்பு தூக்கலா இருந்துச்சா? வேல செய்ற ஆளுங்க அத்தன பேருக்கும் ஆக்கினதுல கை தவறிடுச்சு. அதான் ஓட்டுப் போடவும் லேட்டு."

உப்பு தூக்கல்தான். அது இன்னும் என் நாக்கிலேயே இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எனக்கு ஒரு மத்தியானம்கூடத் தாங்கவில்லை. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"சார்... வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன்.

அதிகாரி எதிர்த்தரப்பைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு இவங்களத் தெரியுமா?" என்றார். அவர் கூரையைப் பார்த்தார். அதற்குள் அக்காவின் விரலுக்கு மை வந்துவிட்டது.

எண்ணி முடித்தபோது அக்கா ஒரே ஓட்டில் ஜெயித்திருந்தார்.

ஊராட்சியின் முதல் கூட்டத்துக்கு முதலாளி முந்திக்கொண்டு போய் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா வாசலில் நின்று என்னிடம், "ஏன் தம்பி, யாரோ தெரியாத மொகம் உக்காந்திருக்குது. ஆட்சேபணை பண்ண மாட்டியா?" என்றார். முதலாளி எழுந்துவிட்டார்.

இன்றும் அந்த வீட்டில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால், முதலாளி இலைக்கு முன்னால் அக்காவின் கரண்டி நின்றுவிடும். "தம்பி, இவர உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்று நான் சொன்ன பிறகுதான் அவருக்குக் குழம்பு.