பூஜை போடாத டிராக்டர்

இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் முனியாண்டி கோயில் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன். சாமி மேல் கோபமில்லை. புல் மேல்தான்.

எங்கள் பெம்பானில் மழைக்குக் குறைச்சலில்லை, அதனால் புல்லுக்கும் இல்லை. ஞாயிறுதோறும் கோயில் வளாகத்தில் கோத்தோங் ரோயோங். ஊரே கூடிச் செய்யும் வேலை என்று பேர். உண்மையில் பெண்கள் புல் வெட்டுவார்கள். எப்படி வெட்டுவது என்று ஆண்கள் விளக்குவார்கள். என்னால் மட்டும் விளக்க முடியாது. என் மனைவி தேவமலர்தான் கோயில் மகளிர் பிரிவுத் தலைவி. பராங் கத்தியைக் கையில் திணித்துவிடுவாள். குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். நிமிர்ந்தால் அவள் பார்வை பிடித்துக்கொள்ளும்.

யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெளிவேலை இருந்தால்? சம்பாதிக்கப் போகிற புருஷனை எவள் தடுப்பாள்?

அப்போதுதான் தஞ்சோங் கிளிங்கில் ஹோட்டல் தோட்டக்காரராக இருந்த வீரப்பன், உட்கார்ந்து ஓட்டுகிற பழைய புல்வெட்டு டிராக்டர் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். வாங்கி, சரிபண்ணி, தாமான் குடியிருப்பில் யார் வீட்டிலாவது புல் வெட்டுவது. வெட்டியதும் டீக்கடை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

லோரியில் வந்து இறங்கியது டிராக்டர்.

"என்னங்க இது?"

"டிராக்டர்."

"ஓடுமா?"

"ஓட வைப்பேன்."

"வீட்டு ஃபேனையும் இப்படித்தான் சொன்னீங்க. அதுல இப்ப துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன்."

"மலரு, இது இன்ஜின். வேற விஷயம்."

"சரிலா. இறக்கி வைக்கும்போது வீரப்பண்ணன் என்கிட்ட ஒன்னு சொன்னாரு..."

"நீ சும்மா இரு. பொம்பளைக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?"

அவள் சும்மா இருந்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் சும்மா இருந்தது அன்றைக்குத்தான். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. பூஜை போடாத வண்டியில் உட்கார மாட்டேன். ஒருமுறை அப்படி ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி, கடைத்தெரு சாக்கடையில் இறங்கியவன் நான். அதனால் டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றபடியே சாவியைத் திருப்பினேன். டிக் என்றுகூடச் சத்தம் வரவில்லை.

பேட்டரியை மாற்றினேன். சத்தமில்லை. சாவிப் பூட்டை மாற்றினேன். சத்தமில்லை. பிளக், பெல்ட், ஃபியூஸ் எல்லாம் புதுசு. கார்புரேட்டரைக் கழற்றி என் பல் துலக்குகிற பிரஷ்ஷாலேயே தேய்த்தேன். பழைய பெட்ரோலை வடித்தேன். கத்தியைச் சவரம் பண்ணுகிற அளவுக்குத் தீட்டினேன். டிராக்டர் மட்டும் மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நின்றது.

"மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமாங்க?"

"கூப்பிட்டா என் மானம் போயிடும்."

"சனிக்கிழமை பழைய இரும்பு லோரி வருது. அதையாவது கூப்பிடட்டுமா?"

"ஐயோ, வேணாம்!"

"அப்ப வெள்ளிக்கிழமை முனியாண்டிக்கு ஒரு பூஜை போட்டுப் பாப்போம். அவரு விட்ட வழி."

சரி என்றேன். அதற்குள் எனக்கு நம்பிக்கை சுத்தமாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்தார் நாலு பேர் டிராக்டரைக் கோயில் வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பூசாரி தேங்காய் உடைத்தார். மகளிர் பிரிவு மொத்தமும் கூடியிருந்தது. ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்!

தேவமலர் கையைக் கூப்பிக் குரலை உயர்த்தினாள்.

"அப்பா முனியாண்டி! இந்த வண்டி மட்டும் ஓடிட்டா, எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழமை தவறாம உன் கோயில் புல்ல வெட்டுவாரு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஓடவே போகாத வண்டி. வாக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

"ஆமா சாமி! சத்தியமா வெட்டுறேன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"பூஜைதான் முடிஞ்சிருச்சே, ஏறி உக்காருங்க. பிரேக்க நல்லா மிதிச்சுக்கிட்டு சாவியத் திருப்புங்க," என்றாள் தேவமலர்.

உட்கார்ந்தேன். மிதித்தேன். திருப்பினேன்.

டுர்ர்ர்ர்ர்!

கோயிலே அதிர்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பூசாரிக்கு அருள் வந்துவிட்டது. நானும் கையைத் தூக்கி ஆடினேன். ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் நான் என்ன வாக்குக் கொடுத்தேன் என்பது உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"மலரு, உண்மையைச் சொல்லு. வீரப்பன் என்ன சொன்னாரு?"

"சீட்டுல ஆளு உக்காந்து பிரேக்க மிதிச்சாத்தான் சாவி வேலை செய்யுமாம். கீழ நின்னு திருப்புனா உசுரே வராதாம்."

"அடிப்பாவி! அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்ல வந்தேன். சும்மா இருன்னீங்க. இருந்தேன்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அக்காமாருக்கெல்லாம் புல்லு வெட்டி முதுகு ஒடியுதுங்க. முனியம்மாக்காவால போன வாரம் எந்திரிக்கவே முடியல. நீங்க வண்டியில உக்காந்து டீக்கடைக்குப் போயிருந்தா என் மனசு தாங்குமா?"

அவள் கையைப் பார்த்தேன். உள்ளங்கையெல்லாம் பராங் பிடித்த கொப்புளம். இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்து இதைப் பார்க்காத மனுஷனா நான் என்று வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டாலும் புத்தி வேறு பக்கம் ஓடியது. பிளக் ஒயரைப் பிடுங்கிவிட்டால்?

"மலரு, சும்மா கேக்கறேன். வண்டி பழுதாயிட்டா வாக்கு என்ன ஆகும்?"

"வாக்கு வண்டியா குடுத்துச்சு? நீங்கதானே குடுத்தீங்க. வண்டி நின்னா மொத்தக் கோயிலையும் நீங்களே குனிஞ்சு வெட்டணும்."

இன்று பெம்பான் வட்டாரத்திலேயே வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றி, துடைத்து, மழை படாமல் போர்வை போர்த்தி வைக்கப்படும் டிராக்டர் என்னுடையது ஒன்றுதான்.