நாற்பதாவது படம்

மூன்றாவது தடவை எண்ணியபோதும் முப்பத்தொன்பதுதான் வந்தது.

உதவியாசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். தன் கைவிரல், கால்விரல் எல்லாம் தீர்ந்ததும், எதிர்மேசையில் உட்கார்ந்திருந்த பிழைதிருத்தும் அம்மாவின் இருபது விரல்களையும் மனசுக்குள் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாவின் சுண்டுவிரல் ஒன்று மிச்சம் நின்றது.

அது ஒரு சினிமா வாரப் பத்திரிகை. ஐம்பத்து நான்காம் வருடம்தான் திரையுலகத்தின் பொற்காலம், அந்த ஒரே வருடத்தில் நாற்பது படங்கள் வந்தன என்று பத்திரிகையைத் தொடங்கிய பெரியவர் ஏதோ ஒரு மேடையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்போதைய ஆசிரியர் அவருடைய மகன். அப்பா சொன்னது என்றால் அவருக்கு வேதவாக்கு. அந்தப் பொற்காலத்தின் வெள்ளிவிழா வருடத்தில் ஒரு சிறப்பிதழ் போட்டு, நாற்பது படங்களுக்கும் தலைக்கு ஒரு பத்தி எழுதியாகிவிட்டது. இப்போது பொன்விழா. வேலை சுலபம். பழைய சிறப்பிதழைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வாக்கியங்களைக் கொஞ்சம் இடம் மாற்றிப் போட்டால் போதும். அந்த அலுவலகத்தில் சரித்திரம் அப்படித்தான் எழுதப்பட்டு வந்தது.

அப்படி மாற்றிப் போடும்போதுதான் உதவியாசிரியர் அந்தப் பாழாய்ப்போன விஷயத்தைக் கண்டுபிடித்தார். பட்டியலில் பதினோராவதும் இருபத்தாறாவதும் ஒரே படம். முதலில் ஒரு பெயரில் வெளியாகி, ஓடாமல், பத்து நாள் கழித்து வேறொரு பெயரில் வெளியாகி, அப்போதும் ஓடாத படம்.

ஆசிரியருக்குப் போன் போட்டார்.

"சார், ஒரு படம் குறையுது சார்."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகல சார். ரெண்டுன்னு நெனச்சது ஒண்ணா இருக்கு."

"அட்டை அச்சாயிடுச்சு, தெரியுமில்ல?"

தெரியும். வண்ண அட்டை எப்போதும் ஒரு வாரம் முந்தியே அச்சாகிவிடும். அதில் 'பொற்கால நாற்பது' என்று கைமுட்டி அளவு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"அப்பா நாப்பதுன்னு சொன்னா நாப்பதுதான். எங்கயாவது ஒளிஞ்சிட்டு இருக்கும். நல்லாத் தேடுங்க. நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகணும்."

மணி மூன்றரை. அரை மணி நேரத்தில் ஐம்பது வருடத்துக்கு முந்தைய படம் ஒன்றைத் தேட வேண்டும். உதவியாசிரியர் கூரையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். எதிர்மேசை அம்மாவின் நாற்காலியில் தொங்கிய கறுப்புக் குடையைப் பார்த்தார். கை தானாக எழுதியது.

'குடைக்காரி. குடை விற்றுப் பிழைக்கும் ஏழைப்பெண் ஒருத்தி, கொட்டும் மழையில் முன்பின் தெரியாத ஒருவனிடம் தன் கடைசிக் குடையை கொடுக்கிறாள். அந்தக் குடை திரும்பி வந்ததா? யாரும் எதிர்பாராத முடிவு ரசிகர்களைத் திகைக்க வைத்தது.'

முடிவு என்ன என்று அவருக்கே தெரியாது. அதற்குள் மணி நாலாகிவிட்டது.

பிழைதிருத்தும் அம்மாவுக்கு அலுவலகத்தில் 'சிவப்புப் பென்சில்' என்று பெயர். ஆசிரியர் அறைக்குப் போகும் எந்தக் காகிதமும், விடுப்புக் கடிதம் உட்பட, அவர் பென்சிலைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு காலத்தில் அவரும் உதவியாசிரியராகத்தான் இருந்தாராம். பிறகு அவரே கேட்டு வாங்கிக்கொண்டு இந்த மேசைக்கு வந்துவிட்டாராம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்கிற முகம் இல்லை அது.

அவர் பத்தியைப் படித்தார். திரும்பித் தன் குடையைப் பார்த்தார். உதவியாசிரியரைப் பார்த்தார்.

"'குடையை கொடுக்கிறாள்'னு இருக்கு. நடுவுல ஒரு க் விட்டுட்டீங்க" என்றார். போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இதழ் வெளிவந்த அன்று உதவியாசிரியர் வீட்டுக்குப் போகவே பயந்தார். பயத்துக்குக் காரணம் அவருடைய மாமனார். ஐம்பத்து நாலில் ஊரின் பெரிய தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். அந்த வருடத்துப் படம் எல்லாவற்றையும் தன் கையால் ஓட்டியதாக இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். 'படிச்சவனுக்குச் சினிமாவைப் பத்தி என்ன தெரியும்?' என்பது மருமகனைப் பற்றி அவருடைய நிரந்தரக் கருத்து.

கூடத்தில் மூக்குக் கண்ணாடியோடு மாமனார் இதழை விரித்து வைத்திருந்தார். விரல் நாற்பதாவது பத்தியில் இருந்தது.

"மாப்பிள்ளை, இங்க வாங்க."

'தொலைந்தோம்' என்று நினைத்துக்கொண்டு போனார்.

"குடைக்காரி! இதை எங்கய்யா பிடிச்சீங்க? எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நெனச்சேனே! எழுபத்தோரு நாள் ஓட்டினேன்."

"எ... எதை மாமா?"

"அந்த மழை சீன்ல ஜனம் தலையைத் துடைச்சிச்சு மாப்பிள்ளை. நனைஞ்சிட்டோம்னு நெனச்சுக்கிட்டு! இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அப்பா தன் புருஷனின் தோளில் கை போட்டு அவள் பார்த்ததே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

உதவியாசிரியருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் ஒரு குறுகுறுப்பு. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"மாமா, முடிவு எப்படி?"

"அதை இப்பவே சொல்லிட்டா ருசி போயிடும்" என்று மாமனார் கண்ணைச் சிமிட்டினார்.

அடுத்த வாரம் கடிதங்கள் வந்தன. மொத்தம் அறுபத்திரண்டு. 'பொற்கால நாற்பது' பற்றிப் பொதுவாக மூன்று. மற்றதெல்லாம் குடைக்காரியைப் பற்றி. ஒருவர் அந்தப் படம் பார்த்த அன்றுதான் தன் மனைவியை முதன்முதலில் பார்த்தாராம். இன்னொருவர் அதன் பாட்டு ஒன்றை நான்கு வரி எழுதி, ஐந்தாவது வரியை நினைவிருப்பவர்கள் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார். முடிவு மட்டும் ஆளுக்கொன்றாக இருந்தது. பன்னிரண்டு பேர் கதாநாயகியைக் கொன்றிருந்தார்கள். ஒன்பது பேர் கல்யாணம் செய்துவைத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் குடையை ஆற்றில் விட்டிருந்தார்.

இதை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்று உதவியாசிரியர் அடுத்த இதழில் ஒரு சின்னக் குறிப்பு போட்டார். 'குடைக்காரி படத்தின் பிரதி எதுவும் இப்போது இல்லை. கதாநாயகியாக நடித்தவர் பெயரும் தெரியவில்லை. இத்துடன் இந்த விவாதம் முடிகிறது.'

விவாதம் அத்துடன்தான் ஆரம்பித்தது. பிரதியை அழித்தது யார் என்று நூற்றிருபது பேர் கேட்டார்கள். கதாநாயகியே நான்தான் என்று மூன்று அம்மாக்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர் முதலில் வந்தவரைப் பார்த்து, "இவங்க அதுல எனக்கு அத்தையா நடிச்சவங்க" என்றார். முதலில் வந்தவர் தண்ணீர் டம்ளரைத் தூக்கிவிட்டார். மூன்றாமவர் இருவரையும் சமாதானம் செய்துவைத்தார். மூன்று பேருமாக மழைக் காட்சி எடுத்தபோது பட்ட கஷ்டத்தைப் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு அப்படியே ஒத்துப்போனது.

ஆசிரியர் ஆனந்தத்தில் மிதந்தார்.

"அப்பா சும்மாவா சொன்னாரு நாப்பதுன்னு! ஞாயித்துக்கிழமை ஒரு விழா எடுக்கறோம். ஆயிரம் பேர் உட்கார்ற அரங்கம். உங்க மாமனார்தான் சிறப்புப் பேச்சாளர். முடிவை அவர் மேடையில சொல்றாரு. அறிவிப்பு கொடுத்தாச்சு."

"சார், அவருக்கு வயசாச்சு சார். ஞாபகம் முன்னபின்ன..."

"போன்ல பேசினேனே! ஒவ்வொரு ரீலா சொல்றாரு!"

உதவியாசிரியருக்கு இப்போது ஒரு விபரீத சந்தேகம் வந்தது. இத்தனை பேர் பொய் சொல்வார்களா? சின்ன வயதில் எங்கேயாவது அரைத்தூக்கத்தில் பார்த்ததைத்தான் நாம் கற்பனை என்று நினைத்துவிட்டோமோ? மழை, குடை, அந்தப் பெண்ணின் ஈரமான முகம் எல்லாம் அவருக்கே இப்போது தெளிவாகத் தெரிந்தன. அவள் யாரிடம் குடையைக் கொடுத்தாள்? அவன் திரும்பி வந்தானா? அது தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை.

வெட்கத்தை விட்டு, பழைய படச்சுருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் கிடங்குக்கே போனார். காப்பாளர் பேரேட்டைப் புரட்டவேயில்லை.

"குடைக்காரியா? இருந்துச்சே. போன மாசம்தான் யாரோ எடுத்துட்டுப் போனாங்க."

உதவியாசிரியரின் நெஞ்சு துள்ளியது. "யாரு? எங்க?"

"யாரோ உங்க பத்திரிகையிலேருந்துன்னுதான் நெனைக்கிறேன்" என்றார் காப்பாளர், காதைக் குடைந்துகொண்டே.

சனிக்கிழமை காலை மாமனார் சலவை செய்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பேச்சை ஒத்திகை பார்த்தார். மகளை அழைத்துச் சட்டைக் காலர் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அவள் போனதும் கதவை மெல்லச் சாத்தினார்.

"மாப்பிள்ளை. ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்லுங்க மாமா."

"மொத்தப் படமும் ஞாபகம் இருக்கு. முடிவு மட்டும் வரமாட்டேங்குது. வயசாயிடுச்சு பாருங்க. எழுதினது நீங்கதானே? காதுல லேசா போட்டுவிடுங்க. மேடையில சமாளிச்சுக்கறேன்."

உதவியாசிரியருக்குப் பாவமாக இருந்தது. அழுகை வரும்போல இருந்தது. இத்தனை நாள் வாய் ஓயாமல் பெருமையடித்த மனிதர், நாளைக்கு ஆயிரம் பேர் முன்னால் திக்கித் திணறி நிற்கப் போகிறார். யாராவது ஒருவன் எழுந்து 'அப்படி ஒரு படமே இல்லை' என்றால் போதும். அப்புறம் அவர் தெருவில் தலைகாட்ட மாட்டார்.

"மாமா, நான் ஒண்ணு சொன்னா நம்புவீங்களா? அப்படி ஒரு படமே வரல. நான் சும்மா எழுதினது."

மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"என்னையே சோதிக்கிறீங்களா! முப்பத்தொன்பது படமும் ஓட்டினவன்யா நான். நாப்பதாவதை ஓட்டாம விட்டிருப்பேனா?"

இனி வேறு வழியில்லை. வேலை போனால் போகட்டும், விழா நின்றாக வேண்டும். மாமனார் மேடையேறி அவமானப்படக் கூடாது. உதவியாசிரியர் நேராக அலுவலகத்துக்குப் போய் ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எதிரே சிவப்புப் பென்சில் அம்மா வழக்கம்போலக் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். நாற்காலியில் அதே குடை தொங்கியது. அதைப் பார்க்கவே உதவியாசிரியருக்குப் பிடிக்கவில்லை.

'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நமது பொன்விழாச் சிறப்பிதழில் வெளியான நாற்பது படங்களில் ஒன்று உண்மையில் வெளிவந்ததே இல்லை. அது என் கற்பனை. மற்ற முப்பத்தொன்பதின் புகழுக்கும், ஐம்பத்து நான்காம் வருடத்தின் பெருமைக்கும் நான் செய்த துரோகத்துக்கு மன்னிப்பு கேட்டுக்கொண்டு பதவி விலகுகிறேன். நாளைய விழாவைத் தயவுசெய்து நிறுத்திவிடவும். என் மாமனார் நல்லவர்.'

கடைசி வரி அங்கே எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் அடிக்க மனம் வரவில்லை.

எழுந்து ஆசிரியர் அறைப்பக்கம் நடந்தார். சட்டம் சட்டம்தான். சிவப்புப் பென்சில் தலை நிமிராமலே கையை நீட்டியது. உதவியாசிரியர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, தூக்குத்தண்டனை வாசிக்கப்படுவதைக் கேட்க நிற்பவர்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா முதல் வரியைப் படித்தார். பென்சில் நின்றது. மறுபடி படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கடைசிவரை படித்தார். பிறகு எழுந்துபோய் ஆசிரியர் அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு பிழை இருக்கு தம்பி."

"எங்கம்மா?"

'ஒன்று' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் விழுந்தது.

"இங்க பதினாலுன்னு வரணும். மீதிப் பதிமூணும் வெள்ளிவிழாவுக்கு நான் எழுதினது."